ஃபீனிக்ஸ்லேருந்து 4 நாள் டூர்: பேஜ் ஊர்லயே தங்கிக்கலாமா? அம்மாவுக்கு முட்டி வலி

திருநகர்_வாசி:

வணக்கம் மக்களே, ஒரு யோசனை வேணும். ஜூலை மூணாவது வாரம் நானும் வீட்டுக்காரியும் அம்மாவும் ஃபீனிக்ஸ்ல இருக்க அக்கா வீட்டுக்குப் போறோம், மூணு பேருக்கும் அமெரிக்கா இதான் மொத தடவ. அம்மாவுக்கு 68 வயசு. சமதரைன்னா பைய நடந்துருவாங்க, மீனாட்சியம்மன் கோவில்ல ஆடி வீதி ஒரு சுத்து வந்துருவாங்க, ஆனா படிதான் ஆகாது, திருப்பரங்குன்றம் மலை மேல காசி விசுவநாதரப் பாக்கப் போயி ஆறேழு வருஷம் ஆச்சு.

அக்கா வீட்டுக்காரருக்கு லீவு மொத்தமே 4 நாள்தான். நான் இங்கருந்தே எக்செல்ல ஒரு பிளான் போட்டு வச்சுருக்கேன், மொத நாள் கிராண்ட் கேன்யன், ரெண்டாம் நாள் பாறை வெடிப்புக்குள்ள நடந்து பாக்குற ஆன்டிலோப் கேன்யன், மூணாம் நாள் சயான், பிரைஸ்னு ரெண்டு பார்க், நாலாம் நாள் லாஸ் வேகாஸ் பாத்துட்டு ராத்திரி வீடு. அக்கா அதப் பாத்துட்டு சிரிக்குது. பேசாம அரிசோனாலயே பேஜ்னு ஒரு ஊரு இருக்கு, அங்க மூணு ராத்திரி ரூம் போட்டுட்டு சுத்தி இருக்கதப் பாப்போம்ங்குது. மேப்ல தேடிப் பாத்தா ஒரு அணை, ஒரு ஏரி, நாலு ஹோட்டலு, மத்தபடி பூராம் பாலைவனம். இவ்ளோ காசு செலவழிச்சுப் போயி அங்கயா உக்காந்துருக்கணும்னு மனசு அடிச்சுக்குது. கூட வேல பாக்குற பையன் வேற, தங்குனா யூட்டா மாநிலத்துல இருக்க மோவாப்லதான் தங்கணும், பேஜெல்லாம் வேஸ்ட்டுங்குறான்.

ஆன்டிலோப்ல அப்பர் லோயர்னு ரெண்டு இருக்காமே, அம்மாவுக்கு எது தோது? வெயில் எப்புடி? அம்மா முட்டை கூடத் தொட மாட்டாங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்றது? போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.


அரிசோனா_ரிட்டர்ன்:

தம்பி, அக்கா சொல்றதக் கேளுங்க, அந்த எக்செல்ல மொதல்ல டெலீட் பண்ணுங்க. நான் 9 வருஷம் அங்கிட்டு இருந்துட்டு இப்ப கே.கே.நகர்ல உக்காந்துருக்கேன், ஊர்லேருந்து யாரு வந்தாலும் நாந்தான் டிரைவரு, அதனால அந்த ரோடு எனக்கு மேலூர் ரோடு மாதிரி. உங்க பிளான்ல நாலு நாளும் கார்லயே ஓடிரும், தினமும் மதுரைலேருந்து மெட்ராஸுக்கு ஓட்டுன கதைதான். பெரியவங்கள வச்சுக்கிட்டு அப்புடிப் போனா அவங்களுக்கு ஞாபகம் இருக்கப்போறது பெட்ரோல் பங்க் பாத்ரூம் மட்டுந்தான்.

ஃபீனிக்ஸ்லேருந்து பேஜ் சுமாரா 450 கிலோமீட்டர், நாலரை மணி நேரம், சாப்பிட ஒண்ணுக்குப் போகன்னு நிறுத்துனா ஆறு மணி நேரம்னு வச்சுக்கங்க. பாதி வழில ஃபிளாக்ஸ்டாஃப் வரும், 7000 அடி கிட்ட, நம்ம கொடைக்கானல் உயரம், பைன் மரமா நிக்கும், அங்க எறங்கி காபி குடிச்சுட்டு வடக்க 89ஆம் நம்பர் ரோட்டப் புடிச்சீங்கன்னா கொஞ்ச நேரத்துல மரம் பூரா காணாமப் போயிரும். அப்பறம் செவப்பும் சாம்பலுமா வெறும் மண்ணு, அதுவே ஒரு காட்சிதான், அம்மாவ முன் சீட்டுல உக்கார வைங்க.

பேஜ் 4300 அடி உயரம். ஜூலைல ஃபீனிக்ஸ் 41, 42 டிகிரி அடிக்கும், பேஜ்ல 36, 37 தான். நம்ம அக்னி நட்சத்திரத்துல ஆத்துக்குள்ள நின்ன கட்டைக்கு அது பெரிய விஷயமில்ல, ஆனா ஒண்ணு, அங்க வேர்க்கவே வேர்க்காது, வேர்த்தது தெரியிறதுக்கு முன்னாடி காஞ்சுரும், அதனால நமக்கு தாகம் எடுக்கலன்னு சும்மா இருந்துட்டு சாயங்காலம் தலைவலின்னு படுப்பாங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி, கணக்கு வச்சே குடிங்க.

ஊருன்னு பெருசா நெனச்சுப் போகாதீங்க. 1957ல கிளென் கேன்யன் அணை கட்ட வந்த ஆளுக தங்குறதுக்குப் போட்ட கேம்ப் அது, வைகை டேம் குவார்ட்டர்ஸ் பெருசாகி டவுன் ஆனா எப்புடியோ அப்புடி. பேருக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்ல, ஜான் பேஜ்னு அவங்க நீர்ப்பாசனத் துறைக்குக் கமிஷனரா இருந்தவரு பேரு. ஊரு சுமாரா இருந்தாலும் எல்லாம் கைக்கெட்டுற தூரம். அணை 5 நிமிஷம், ஆறு லாடம் மாதிரி வளையிற ஹார்ஸ்ஷூ பெண்ட் 10 நிமிஷம், ஆன்டிலோப் 10, 15 நிமிஷம். பெரியாருலேருந்து தெப்பக்குளம் போறதுக்கே நமக்கு அதவிட நேரமாகும். காலைல ஒண்ணு பாத்துட்டு ரூமுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சு சாயங்காலம் ஒண்ணு பாக்கலாம், இந்த வசதி வேற எந்த ஊர்லயும் கெடைக்காது.

மோவாப் நல்ல ஊருதான், குறை சொல்லல. ஆர்ச்சஸ் பார்க் ஊர்லேருந்து 8 கிலோமீட்டர், கேன்யன்லாண்ட்ஸும் பக்கம். ஆனா ஃபீனிக்ஸ்லேருந்து ஏழரை மணி நேர ஓட்டம், போக ஒரு நாள் வர ஒரு நாள் போயிருச்சுன்னா மிச்சம் என்ன? அதோட அங்க பேர் போன டெலிகேட் ஆர்ச்சுங்குற பாறை வளைவ கிட்டக்க பாக்கணும்னா போக வர 5 கிலோமீட்டர், மொட்டைப் பாறை மேல ஏத்தம், ஒரு பொட்டு நெழல் கெடையாது. கூட வேல பாக்குற தம்பிக்கு முட்டி நல்லா இருக்கும்போல.


பசுமலைப்_பொண்ணு:

ரெண்டு வருஷம் முன்னாடி எங்கப்பாவ (71) கூட்டிட்டு பேஜ்லதான் மூணு நாள் தங்குனோம், அதனால நெறைய சொல்லலாம், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கங்க.

அப்பரா லோயரான்னா உங்கம்மாவுக்கு அப்பர்தான். லோயர்ல இரும்பு ஏணிப்படி செங்குத்தா எறங்குது, அடில பாதை ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற மாதிரி ஒடுங்கும். அப்பர்ல உள்ள சமமா மணல் தரை, வண்டிலயே வாசல் வரைக்கும் கொண்டு விடுறாங்க. ஆனா நாங்க போனப்ப அந்தப் பக்கமா வெளிய வந்து மேல படிக்கட்டும் சாய்வுப் பாதையுமா இருக்க வழியில சுத்தித்தான் திரும்பி வந்தோம், அப்பா கைப்பிடியப் புடிச்சு நின்னு நின்னு வந்தாரு. அதனால புக் பண்றப்பவே முட்டி வலின்னு சொல்லி எத்தன படின்னு கேட்டுக்கங்க. ரெண்டுமே நவஹோ பழங்குடி மக்களோட நிலம், அவங்க கைடு இல்லாம தனியா உள்ள போக முடியாது, பை எதுவும் விட மாட்டாங்க, ஜூலைல கூட்டம் அள்ளும், இப்பவே புக் பண்ணிருங்க.

உள்ள போனா எப்புடி இருக்குன்னு சொல்லத் தெரியல. வெளிய பாத்தா ஒண்ணுமே இல்ல, மண்ணுல ஒரு வெடிப்பு, அவ்ளோதான், எங்கப்பா "இதுக்கா 14 மணி நேரம் ப்ளைட்டுல வந்தோம்"னு என் காதுல கேட்டாரு. உள்ள நாலடி வச்சதும் சத்தமே இல்ல அவரு கிட்டருந்து. பாறை பூராம் அலை அலையா, நனைஞ்ச வேட்டிய முறுக்கிப் பிழிஞ்சு அப்புடியே விட்ட மாதிரி. மேல ஆரஞ்சு, கீழ எறங்க எறங்க கத்திரிப்பூக் கலரு, ஆனா பாறைல அந்தக் கலரு இல்ல, மேலருந்து வர்ற வெளிச்சம் ரெண்டு பக்கமும் பட்டுப் பட்டு எறங்கி அப்புடித் தெரியுதாம். அப்பா கையால தடவிப் பாத்துட்டு "மணலு கையில வருது"ன்னாரு. எங்க கைடு அம்மா என் போனை வாங்கி அவங்களே ஏதோ செட்டிங்ஸ மாத்தி எங்க நின்னு எடுக்கணும்னு வேற காட்டுனாங்க. அப்பறம் தலைக்கு மேல காட்டுனாங்க, ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒரு மரக்கட்டை சிக்கிக்கிட்டு நிக்குது. வெள்ளம் கொண்டாந்து சொருகிட்டுப் போனதாம். அம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி வந்துருக்குன்னு நெனச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

நேரக் கணக்குல ஏமாந்துராதீங்க, இத யாரும் சொல்ல மாட்டாங்க. அரிசோனால கோடைக்கு கடிகாரத்தத் திருப்ப மாட்டாங்க, ஆனா நவஹோ நிலத்துலயும் பக்கத்து யூட்டாலயும் ஒரு மணி நேரம் கூட்டி வச்சுருவாங்க. பேஜ் ரெண்டுக்கும் நடுவுல கெடக்கா, போனு எந்த டவரப் புடிக்குதோ அந்த நேரத்தக் காட்டும். எங்க வீட்டுக்காரரு போன நம்பி ஒரு மணி நேரம் முன்னாடியே போயி வெயில்ல பெஞ்சுல உக்காந்துருந்தோம், அப்பா என்னய மொறச்சுக்கிட்டே இருந்தாரு. ஆன்டிலோப் டூரெல்லாம் பேஜ் டைம்தான், கைக்கடிகாரம் ஒண்ணு கட்டிக்கங்க. மானுமென்ட் வேலி போனீங்கன்னா இது தலைகீழாகும், அங்க நவஹோ டைம், பேஜ் டைம நம்பிப் போனா ஒரு மணி நேரம் லேட்டு.

சாப்பாட்டுக்கு கிச்சன் வச்ச ரூம் எடுங்க. ஊர்ல வால்மார்ட், சேஃப்வே ரெண்டும் இருக்கு, தயிரு பாலு காய் அரிசி எல்லாம் கெடைக்குது. நான் சின்ன எலக்ட்ரிக் குக்கரும் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலும் பருப்புப் பொடியும் கொண்டு போயிருந்தேன், மூணு நாளும் அப்பாவுக்கு மத்தியானம் தயிர்சாதம் தப்பல.


பாறைக்கிறுக்கன்:

மேல மரக்கட்டைன்னு சொன்னாங்கல்ல, அதப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா நீங்க போறது ஜூலை, அங்க மழை சீசன். 1997 ஆகஸ்ட் 12, லோயர் ஆன்டிலோப்புக்குள்ள எறங்குன 11 பேரு வெள்ளத்துல செத்துப் போனாங்க. அவங்க நின்ன எடத்துல மழைன்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல, மேல பல மைல் தள்ளி இடியோட கொட்டுனது ஓடை வழியா எறங்கி வந்துருச்சு. மதுரைக்காரனுக்கு இது புரியாம இருக்காது, வருசநாட்டு மலைல கொட்டுச்சுன்னா செல்லூர்ல வெயிலடிச்சுக்கிட்டு இருக்கும்போதே தரைப்பாலம் முங்கும். நமக்காவது நடுவுல டேம் இருக்கு, 66 அடிக்கு மொத எச்சரிக்கை, 68.5க்கு ரெண்டாவது, 69க்கு மூணாவதுன்னு ஊருக்கு ஊரு சொல்லிருவாங்க. அந்த வெடிப்புக்குள்ள அதுக்கெல்லாம் நேரமே கெடையாது. மண்ணும் பாறையும் தண்ணியக் குடிக்காது, அகலமா ஓடி வந்தது நாலடிச் சந்துக்குள்ள நொழஞ்சா மட்டம் சரசரன்னு ஏறும்.

பயமுறுத்தல. அதுக்கப்பறம் மர ஏணியெல்லாம் எடுத்துட்டு பாறைல போல்ட்டு போட்டு இரும்புப்படி வச்சுட்டாங்க, வானிலை ரேடியோ, எச்சரிக்கை சைரன் எல்லாம் இருக்கு, சந்தேகம்னா டூர கேன்சல் பண்ணிருவாங்க. அப்ப சண்டை போடாம வந்துருங்க. அங்க மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் கூடும், அதனால காலை டூரா புக் பண்ணுங்க. அப்பர்ல மேலருந்து கம்பு மாதிரி வெளிச்சம் எறங்குற போட்டோவெல்லாம் உச்சிவேளைக்குத்தான், அதுக்கு ஆசப்பட்டா 11 மணிக்கு மேல வரும், கூட்டமும் காசும் கூட. உங்கம்மாவுக்கு அந்த வெளிச்சக்கம்பு இல்லாட்டியும் ஒண்ணும் குறையாது.

இன்னொன்னு, பாறை. நம்ம ஒத்தக்கடை யானைமலை பூமிக்கு அடில வெந்து உருமாறி இறுகுன பாறை, இதவிட வயசுல ரொம்ப ரொம்ப மூத்தது. அங்க இருக்கது நவஹோ மணல்கல், சுமார் 19 கோடி வருஷம் முன்னாடி காத்து அடிச்சுக் குவிச்ச மணல்மேடு. திருச்செந்தூர் பக்கம் காயாமொழி தேரிக்காட்டுக்குப் போயிருக்கீங்களா? அந்தச் செம்மணல் மேடு அப்புடியே புதைஞ்சு இறுகிக் கல்லாயிருச்சுன்னு நெனச்சுக்கங்க. பாறைல சாஞ்சு சாஞ்சு கோடு கோடாத் தெரியும் பாருங்க, அது காத்து ஒரு பக்கத்துலேருந்து மணல ஏத்தி மறுபக்கம் சரிச்சுவிட்ட தடம். ரெண்டு எடத்துலயும் அந்தச் செவப்புக்கு இரும்புத் துருதான் காரணம். ஹார்ஸ்ஷூ பெண்ட்ல நின்னா கொலராடோ ஆறு 1000 அடி கீழ லாடம் மாதிரி வளையும். சமதரைல சோம்பேறியா வளஞ்சு ஓடுன ஆறு, தரை கொஞ்சங்கொஞ்சமா மேல எழும்ப எழும்ப, அதே வளைவ விடாம கீழ அறுத்துக்கிட்டே போயிருச்சு. தண்ணி பச்சையாத் தெரியிறது ஏன்னா வண்டல் பூராம் மேல அணைல நின்னுபோகுது.


ஜிகர்தண்டா_பிரியன்:

ஆத்துப் பள்ளத்தாக்கப் பாக்க அமெரிக்கா விசா எதுக்குங்குறேன். ஆந்திரால கண்டிக்கோட்டா இருக்கு, கடப்பா வரைக்கும் ரயிலு, அங்கருந்து ஜம்மலமடுகு பஸ்ஸு, அதுக்கு மேல 15 கிலோமீட்டர் ஆட்டோ. பெண்ணாறு மலைய ரெண்டாப் பொளந்துக்கிட்டு போகுது, மேல கோட்டை, கோவில், மசூதி, தானியக் களஞ்சியம். சரி சரி, நீங்க டிக்கெட் போட்டாச்சு, போயிட்டு வாங்க.


திருநகர்_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாறைக்கிறுக்கன் அண்ணே, நீங்க எழுதுனத வீட்டுக்காரி அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டிருச்சு, இப்ப அம்மா அந்தப் பொந்துக்குள்ள நான் வரலன்னு உக்காந்துருக்காங்க. கட்டாயப்படுத்தல. அக்காவும் அம்மாவும் ஏரிக்கரைல இருக்கட்டும் நாங்க மட்டும் போயிட்டு வர்றோமான்னு யோசிக்கிறேன். அம்மாவுக்குன்னு நடக்காம பாக்குற மாதிரி என்ன இருக்கு? அப்பறம் வெளிநாட்டுக்காரங்களுக்கு பார்க் டிக்கெட் ஏத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?


அரிசோனா_ரிட்டர்ன்:

டிக்கெட் உண்மைதான். 2026 ஜனவரிலேருந்து கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் மாதிரி 11 பார்க்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு வழக்கமான டிக்கெட்டுக்கு மேல ஆளுக்கு 100 டாலர். வெளிநாட்டுக்காரங்க வருஷ பாஸ் 250 டாலர். மூணு பேருன்னா கணக்குப் போட்டு எது லாபம்னு அக்காவ விட்டுப் பாக்கச் சொல்லுங்க. பேஜ சுத்தி இருக்கது அந்த 11ல வராது, ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு ஊர்க்காரங்க காருக்கு 10 டாலர் பார்க்கிங் வாங்குவாங்க, எந்த பாஸும் அங்க செல்லாது. உங்க பழைய பிளான்ல மூணு பார்க் இருந்துச்சு, இப்ப ஒண்ணு போதும்.

அந்த ஒண்ணு கிராண்ட் கேன்யன், அத திரும்பி வர்ற நாள்ல வைங்க. பேஜ்லேருந்து தெக்க வந்து கேமரன்ல வலது பக்கம் திரும்பி டெசர்ட் வியூ வாசல் வழியா உள்ள போனா 1932ல கட்டுன ஒரு கல் கோபுரம் இருக்கும், பார்க்கிங்லேருந்து கொஞ்ச தூரந்தான், அங்கருந்தே பள்ளம் பூராம் தெரியும். அப்புடியே ரோட்டோரமா இருக்க வியூபாயிண்ட் ஒண்ணொண்ணா எறங்கிப் பாத்துட்டு மேக்க போயி ஃபிளாக்ஸ்டாஃப் வழியா வீடு.

அம்மாவுக்கு நடக்காம பாக்கன்னா அணைதான். பக்கத்துலயே விசிட்டர் சென்டர் இருக்கு, ஏசில உக்காந்து கண்ணாடி வழியா பாக்கலாம். 710 அடி அணை, நம்ம வைகை டேம் 71 அடின்னு வாயில வரும்ல, அதுல ஒரு சைபரு சேத்துக்கங்க, அது தண்ணி மட்டம் இது அணை ஒசரம்னு பாறைக்கிறுக்கன் சண்டைக்கு வருவாரு, பரவால்ல. முன்னாடி இருக்க பாலம் தொறந்தது 1959, நம்ம வைகை அணையும் அதே வருஷந்தான். ஏரிக்கரைப் பாறைல வெள்ளையா ஒரு பட்டை ஓடும், தண்ணி முன்ன அதுவரைக்கும் நின்ன அடையாளம், தொட்டில உப்புக் கறை மாதிரி. அம்மா பாத்ததும் சொல்லிருவாங்க இந்த ஊர்லயும் மழை இல்லன்னு.

இன்னொன்னு நவஹோ பாலம், பேஜ்லேருந்து முக்கா மணி நேரம். பழைய பாலம் 1929ல கட்டுனது, இப்ப அதுல நடக்க மட்டுந்தான் விடுறாங்க, வண்டி பக்கத்துப் பாலத்துல போகுது. சமதரை, காசு கெடையாது, கீழ 400 அடிக்கு மேல பள்ளத்துல ஆறு. அதிர்ஷ்டம் இருந்தா கலிபோர்னியா காண்டர் கழுகு கம்பில உக்காந்துருக்கும், றெக்கைல நம்பர் குத்தி வச்சுருப்பாங்க.


பசுமலைப்_பொண்ணு:

படகு சொல்ல மறந்துட்டேனே! அணைக்கு அடிலேருந்து லீஸ் ஃபெர்ரிங்குற படகுத்துறை வரைக்கும் பெரிய ரப்பர் படகுல 15 மைல் கூட்டிட்டுப் போறாங்க, துள்ளுற தண்ணி கெடையாது, நம்ம தெப்பம் மாதிரி அசைஞ்சு போகும், ஹார்ஸ்ஷூ பெண்ட அடிலேருந்து பாக்கலாம். நாங்க போனப்ப பஸ்ஸுல வச்சு மலைக்குள்ள ரெண்டு மைல் சுரங்கப்பாதை வழியா ஆத்துக்கு எறக்கி, அணைக்கு கீழ நடக்குறப்ப தலைல ஹெல்மெட் மாட்டிவிட்டாங்க, எங்கப்பாவுக்கு அந்த ஹெல்மெட் போட்டோதான் இன்னைக்கு வரைக்கும் வாட்ஸ்அப் டிபி. தண்ணி ஏரிக்குள்ள ஆழத்துலேருந்து வர்றதால வெயில்ல கூட ஜில்லுன்னு இருக்கும், கையக் காலக் கொஞ்சம் நனைச்சுக்கலாம். படகுல கால் தூக்கி வச்சு ஏறணும், ரெண்டு பேரு புடிச்சுக்கங்க.


திருநகர்_வாசி:

படகுன்னதும் அம்மா சரின்னுட்டாங்க, தெப்பம்னு சொன்னதுதான் வேல செஞ்சுருக்கு. அப்ப இப்புடி வைக்கிறேன், மொத நாள் ஓட்டிட்டு போயி சாயங்காலம் அணை. ரெண்டாம் நாள் காலைல நாங்க ஆன்டிலோப், அம்மாவும் அக்காவும் ரூம்ல. சாயங்காலம் எல்லாருமா ஹார்ஸ்ஷூ பெண்ட். மூணாம் நாள் படகு. நாலாம் நாள் டெசர்ட் வியூ வழியா வீடு. நவஹோ பாலம் நேரம் இருந்தா.


பசுமலைப்_பொண்ணு:

ஹார்ஸ்ஷூவ சாயங்காலம் வைக்காதீங்க. அது மேக்கப் பாத்த எடம், சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், கூட்டமும் அப்பதான். மூணாம் நாள் வெள்ளன, 6 மணிக்கெல்லாம் போயிருங்க, படகு அதுக்கப்பறம். பாதை நல்லாப் போட்டுருக்காங்க, வீல்சேரே போகும், போக வர ரெண்டரை கிலோமீட்டர் கிட்ட வரும், ஆனா போறப்ப எறக்கம், திரும்புறப்பதான் ஏத்தம், அத மனசுல வச்சுக்கிட்டு அம்மாவ நடுவுல இருக்க கொட்டகைல உக்கார வச்சு உக்கார வச்சுக் கூட்டிட்டு வாங்க. விளிம்புல கொஞ்ச தூரத்துக்குத்தான் கம்பி இருக்கு, மிச்சமெல்லாம் தொறந்து கெடக்கு. செல்பி எடுக்குற சாக்குல யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க, முக்கியமா நீங்க.